பார்சலின் முன்னங்கால்

ஒன்றுமில்லை என்றுதான் வந்திருந்தது. ஹெப்சிபா அதை மறுபடியும் படித்தாள், இன்னொரு தடவை படித்தால் வேறு எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதுபோல. திரையின் ஒரு பக்கம் நாய் பார்சலின் முன்னங்கால் எக்ஸ்ரேயில் வெள்ளையும் சாம்பலுமாக நின்றது, மறுபக்கம் ஏஐ ஆங்கிலத்தில் எழுதிய சில வரிகள், எலும்பில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை, மூட்டு நன்றாக இருக்கிறது, தசையில் அடிபட்டிருக்கலாம். முதலில் வந்தது ஆறுதல்தான், அதை அவள் மறுக்கமாட்டாள், அப்பாடா, கதவைத் திறந்துகொண்டு போய் ஒண்ணுமில்லப்பா என்று சொல்லிவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தும்விட்டாள். எழுந்தவள் ஏன் மறுபடி உட்கார்ந்தாள் என்றால் கண் படத்துக்குப் போய்விட்டது, மறுபடியும் அங்கேயே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பின் விளிம்பு மேலிருந்து ஒரே கோடாக இறங்கி வந்து அந்த இடத்தில் மட்டும் உப்பரித்த சுவர்போலப் பொரிந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கோடாகிப் போகிறது. இந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் தெரியும், வெள்ளை அடித்து வைத்திருப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் சுவர்தான், விரலை வைத்தால் மாவு. ஆனால் இது சுவர் இல்லை. படம். படத்தில் நிழல் விழும், நாய் மூச்சு விட்டால்கூட மங்கும், எத்தனை படத்தில் ரோமத்தின் ஈரத்தைப் பார்த்துவிட்டு என்னவோ ஏதோ என்று பயந்திருக்கிறாள். அது இல்லை என்கிறது. அது பயப்படாமல் பார்த்து இல்லை என்கிறது.

கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் சற்குணம் உட்கார்ந்திருந்தான், காலடியில் பார்சல் படுத்திருக்கும், அதன் கழுத்துச் சங்கிலி தரையில் உரசுவது அவ்வப்போது கேட்டது. சற்குணமும் அவளும் நாமக்கல்லில் ஒரே வகுப்பில் கால்நடை மருத்துவம் படித்தவர்கள். ஆளுக்கொரு ஊரில் அரசாங்க வேலை பார்த்துச் சலித்து, தூத்துக்குடிக்கு வந்து துறைமுகம் போகிற சாலையில் இந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்து தொடங்கியவர்கள். காலைக் கூட்டம் ஓய்ந்து மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு அவன் காரிலிருந்து பார்சலை இறக்கிக்கொண்டு வந்தான். யாரோ கேக் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரி வாசலில் விட்டுப்போன குட்டி அது, பார்சல் வந்திருக்கு என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனவன் அப்படியே பெயரும் வைத்துவிட்டான். கோம்பை நாயும் வேறு ஏதோ இனமும் கலந்து நெட்டைக் கால்களோடு வளர்ந்த பெட்டை. உள்ளே வரும்போது வலது முன்காலை ஊன்றவா வேண்டாமா என்று யோசித்து யோசித்து ஊன்றிக்கொண்டு வந்தது. ஒரு படம் எடுத்துருவோம் ஹெப்சி என்றான். என்ன ஆச்சு என்று கேட்டாள். மாடிப்படியில வழுக்கியிருக்கும் என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். ஈய உடுப்பைப் போட்டுக்கொண்டு காலைப் பிடித்தது அவன்தான், ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். படம் திரையில் எழும்புவதற்குள் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனவன் கதவில் நின்று சொன்னான், "நான் பார்க்கல. அதுக்கு அனுப்பு. அது என்ன சொல்லுதுன்னு மட்டும் வந்து சொல்லு."

அதுக்கு அனுப்பு. இதை இவன் சொல்கிறான். அந்த ஏஐ இங்கே வந்த நாளிலிருந்து அதை ஒரு தடவைகூட அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மாப்பிள்ளை என்பான். ஏசி ரூம்ல உட்காந்துக்கிட்டு, கையில அழுக்குப் படாம, சொன்னா சொன்னதுதான்னு நிக்கிதுல்லா, மாப்பிள்ளைதான அது. விற்க வந்த பையன்களை உட்காரவைத்துக் கேட்டான், நாய் உள்ள வாரப்ப எந்தக் காலை மொதல்ல எடுத்து வச்சுதுன்னு அதுக்குத் தெரியுமாய்யா, இது படத்தைப் பார்க்குது, நாயைப் பார்க்கல. அவள்தான் சண்டை போட்டாள். லட்சக்கணக்கான படம் பார்த்திருக்கு அது, நீயும் நானும் சாகிறமட்டும் உட்காந்து பார்த்தாலும் அம்புட்டு பார்க்க முடியாது என்றாள். பார்த்து என்ன, ஒரு நாள் அதுக்குத் தூக்கம் போயிருக்கா என்றான். அந்தப் பேச்சு அவளுக்கு அப்போது வெறும் பேச்சாகத்தான் பட்டது, தூக்கம் போனால் கண் நன்றாகத் தெரிந்துவிடுமா, தூக்கம் போனவர்கள்தான் தப்பு செய்கிறார்கள். பிறகு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் ஒரு பெண் இருமுகிற பூனையைக் கொண்டுவந்தாள். ஹெப்சிபா படத்தைப் பார்த்துவிட்டு இழுப்பு என்றாள், சற்குணமும் பார்த்தான், இழுப்புதான் என்றான். அது இதயத்துக்குப் பின்னால் பட்டாணி அளவுக்கு ஒரு நிழலைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியது. ரத்தக்குழாயா இருக்கும் என்றான் அவன். ரத்தக்குழாய் இல்லை. சென்னைக்குக் கொண்டுபோய் அந்தக் கட்டியை அறுத்து எடுத்தார்கள், பூனை இன்னும் இருக்கிறது, பொங்கலுக்கு வாட்ஸாப்பில் கரும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவன் படத்தையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். ஜெயித்தபிறகுதான் இது தொடங்கியது, இந்தப் பழக்கம், படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அது என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிடுவது. நேரம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டாள். ஒரு டாஷ்ஹண்ட் நாய், முதுகுத் தண்டில் தட்டு விலகியிருக்கிறது என்று அறிக்கை வந்திருந்தது, படத்தைப் பார்த்தாள், விலகியிருந்தது. வீட்டுக்குப் போய்க் குக்கரை இறக்கிக்கொண்டு நிற்கும்போது தோன்றியது, நான் பார்த்தேனா, அது சொன்னதைப் பார்த்தேனா.

அப்படியானால் இன்றைக்கு மட்டும் எப்படிப் படத்தை முதலில் பார்த்தாள்? நெட் மெதுவாக இருந்தது. அவ்வளவுதான். வேறொரு காரணமும் இல்லை, அக்கறை இல்லை, நட்பு இல்லை, சற்குணத்தின் நாயாயிற்றே என்று நிதானித்தாள் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, படம் அனுப்பப்படுகிறது என்று அந்தச் சின்ன வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது, சும்மா இருந்த கண் மேய்ந்தது, மேய்ந்த இடத்தில் முள் குத்தியதுபோல நின்றுவிட்டது. நெட் வேகமாக இருந்திருந்தால் ஒன்றுமில்லை என்று முதலில் படித்திருப்பாள், அப்புறம் படத்தைப் பார்த்திருப்பாள், ஒன்றுமில்லாமல் இருந்திருக்கும். இல்லை, வேறு மாதிரியும் இருக்கலாம், பயந்துபோய்ப் பார்த்ததால் இருக்கிறதோ என்னவோ, சற்குணத்தின் நாய் என்பதால், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதால், அதைப் பார்த்தபோதே அவள் மனசு ஒன்றைத் தேட ஆரம்பித்துவிட்டது, தேடினால் கிடைக்காதா. படத்தை இருட்டாக்கினாள். இருந்தது. வெளிச்சம் கூட்டினாள், இல்லை. பெரிதாக்கினாள், பெரிதாக்கப் பெரிதாக்க எலும்பு எலும்பாக இல்லாமல் சாம்பல் கட்டங்களாகப் பிரிந்து, ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அர்த்தம் கழன்று வெறும் சத்தமாகிப் போவதுபோல, எதுவுமாக இல்லாமல் போனது. ஜன்னல் கண்ணாடியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது, காலையில்தான் துடைத்தார்கள். வெளியே உப்பு லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது. கண்ணை மூடித் திறந்தாள், பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள், எதையும் தேடாமல் பார்க்கவேண்டும், ரோட்டில் போகிறவளைப்போல, ஒரு காலைப் பார்க்கிறோம், யாருடைய காலோ. இருந்தது.

ஒண்ணுமில்லை. இந்தச் சொல்லை சற்குணத்திடம் இன்னொருத்தர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், அது வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று மனசைத் திருப்பினாள், அது எருமைபோல அங்கேயே போய் நின்றது. அவன் மனைவி சகாயத்துக்கு முதுகு வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்ல, குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யிறதால வாற வலி என்று சொல்லி அனுப்பினார் ஒரு டாக்டர், மனுஷ டாக்டர், நல்ல கெட்டிக்காரர், இன்றைக்கும் அவரிடம் கூட்டம் அள்ளுகிறது. அன்றைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் ஹெப்சிபா வீட்டுக்கு வந்தார்கள், வரும் வழியில் அல்வா வாங்கிக்கொண்டு. ஒண்ணுமில்லையாம் என்று சகாயம் சொல்லிச் சிரித்தாள், சற்குணம் அதைவிட அதிகமாகச் சிரித்தான். அந்த அல்வாவின் நெய் மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது, ஸ்பிரிட் நாற்றத்தையும் நாய் ரோம நாற்றத்தையும் தாண்டி. ஒரு வருஷம் ஆவதற்குள் சகாயத்தின் அடக்கம் முடிந்துவிட்டது. அந்த டாக்டரை அவன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. துக்கத்துக்கு வந்த ஒருவர் அதைப்பற்றி எடுத்தபோது, அவர் படத்துல தெரிஞ்சதைத்தான சொன்னாரு, நானும்தான் நம்பணும்னு நம்புனேன் என்றான். நம்பணும்னு நம்புனேன். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைத்தான் கேட்கிறான். கொடுத்துவிடலாம். கொடுப்பதற்குத் திரையில் அறிக்கையே இருக்கிறது. வலிக்கு மாத்திரை, கொஞ்ச நாள் நடக்கவிடாமல் வைத்திரு, சரியாகாவிட்டால் மறுபடி படம் எடுப்போம் என்று சொன்னால் உலகத்தில் எந்த டாக்டரும் அவளைத் தப்பு சொல்லமாட்டார்கள், இதைத்தான் செய்யவேண்டும் என்றுகூடச் சொல்வார்கள். பின்னால் காலில் இருப்பது பெரிதாகி வெளியே தெரிந்தால், ஐயோ ஏஐகூடக் கண்டுபிடிக்கலையே என்று எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அதற்குப் பின்னால் அவள் நிற்பது யாருக்கும் தெரியாது. இவ்வளவு நாளாக அதை எதற்காக வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், இதற்காகவும்தானா. ஒளிந்துகொள்ள இவ்வளவு நல்ல இடம் என்று வாங்கும்போது தெரியவில்லையே. எழுந்தாள். கதவு வரைக்கும் போகிற தூரத்தில் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, வாயைத் திறக்கும்போது எது வருகிறதோ அது.

சற்குணம் நிமிர்ந்து பார்த்தான். பார்சலின் தலை அவன் செருப்பின் மேல் இருந்தது.

"மாப்பிள்ளை என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணுமில்லைங்குது."

அவன் தோள்கள் இறங்குவதைப் பார்த்தாள். சட்டைக்குள் யாரோ தூக்கிப் பிடித்திருந்து விட்டுவிட்டதுபோல இறங்கின. சரி என்று தலையாட்டினான், நாயின் காதைப் பிடித்துத் திருகினான், கேட்டியா என்று அதனிடம் சொன்னான். இவ்வளவுதான், இத்தோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போய் மாத்திரை எடுத்துக்கொடுத்துவிட்டால் இந்த மத்தியானம் மற்ற மத்தியானங்களோடு போய்ச் சேர்ந்துவிடும் என்று ஹெப்சிபா நினைத்தாள், நினைத்துக்கொண்டிருக்கும்போதே குரல் வந்துவிட்டது.

"நான் இருக்குங்கேன், சற்குணம்."

அவன் காதை விடவில்லை.

"அது இல்லைன்னு சொல்லியிருக்குல்லா."

"ஆமா."

"பெறகு?"

"நான் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல. அது சொல்றதுக்கு முன்னாடியே பார்த்தேன். ஊசி போட்டு எடுத்துப் பார்க்கணும்."

"லட்சக்கணக்கான படம் பார்த்திருக்கு அது." சத்தம் போடாமல்தான் சொன்னான். "நீயும் நானும் சாகிறமட்டும் பார்த்தாலும் அம்புட்டு பார்க்க முடியாது. யாரு சொன்னா? நீதான சொன்ன? பூனை விஷயத்துல நீயும் தப்பு, நானும் தப்பு, அது சரி. இன்னைக்கு மட்டும் அது தப்பா?"

"தெரியல. நான் தப்பா இருந்தா நல்லதுதான். நாளைக்கு எல்லார்ட்டயும் சொல்லிச் சிரி."

அவன் சிரிக்கவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், கோபம் வந்தால் நன்றாக இருக்கும், ஏதாவது சொல்லித் திட்டினால் இவளும் பதிலுக்குத் திட்டலாம். அவன் குனிந்து பார்சலின் வலது முன்காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தேடவில்லை. கட்டைவிரல் நேராகப் போய் அந்த இடத்தில் நின்றது, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்பக்கம். நாய் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தது.

"இங்கதான?"

ஹெப்சிபா தலையாட்டினாள்.

"குளிப்பாட்டும்போது கையில தட்டுச்சு," என்றான். "தட்டுனதும் தெரிஞ்சுபோச்சு. பெறகு நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம்னு இருந்தேன்." காலை மெல்லக் கீழே வைத்தான். "யாராவது ஒருத்தர் இல்லைன்னு சொல்லிட்டா போதும்னு இருந்துச்சு. உங்கிட்ட கேக்க முடியாது, நீ எம் மூஞ்சியப் பார்த்துட்டுச் சொல்லுவ. அதுக்கு என்னையத் தெரியாதுல்லா. சகாயத்தையும் தெரியாது. அது இல்லைன்னு சொன்னா நெசமா இல்லைன்னு வச்சுக்கிடலாம்னு பார்த்தேன்."

பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவன் அதை வெறுத்தான் என்று நினைத்திருந்தாள், அது மனுஷத்தனம் இல்லாதது என்பதற்காக. கடைசியில் அந்த மனுஷத்தனம் இல்லாத தன்மையைத் தேடித்தான் வந்திருக்கிறான், அழுகிறவன் ஆளில்லாத அறையைத் தேடுவதுபோல. அங்கேயும் அவள் புகுந்துவிட்டாள். செய்தது சரிதானா என்று தெரியவில்லை, சரியாக இருப்பது இவ்வளவு மோசமாக இருக்கும் என்றும் தெரியவில்லை. ஒரு வேளை ஊசியில் வெறும் ரத்தம் வரலாம், வெறும் சீழ் வரலாம், எத்தனை கிருமிகள் எலும்பில் போய் உட்கார்கின்றன. வரட்டும், கர்த்தரே, சீழ் வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். சீழுக்காக ஜெபிக்கிற வேலை.

"வா," என்று அவன்தான் எழுந்தான்.

மயக்க ஊசியை அவன் போட்டான், பார்சல் மேஜையில் மெல்லத் தளர்ந்து தலையை அவன் கையில் சாய்த்தது. ஹெப்சிபா அந்த இடத்து ரோமத்தை மழித்தாள், துடைத்தாள், ஊசியை இறக்கினாள். நல்ல எலும்பு ஊசியை உள்ளே விடாது. இது விட்டது. அந்த ஒரு நொடியில் இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது என்றாலும் இரண்டு பேரும் கைவேலையைத் தொடர்ந்தார்கள், அவள் கண்ணாடித் தகட்டில் தடவினாள், காயவைத்தாள், சாயத்தில் முக்கினாள், கழுவினாள். மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து குமிழைத் திருப்பும்போது மங்கலாக இருந்த ஊதா நிறம் கூர்மையாகிக்கொண்டே வந்தது, இன்னும் கொஞ்ச நேரம் மங்கலாகவே வைத்திருக்கலாமா என்று ஒரு நினைப்பு. செல்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல், ஒன்று பெரிது ஒன்று சிறிது, நடுவில் இருக்கவேண்டிய கரு ஓரமாகத் தள்ளிக்கொண்டு, சிலதில் இரண்டு கரு. கல்லூரியில் பரீட்சைக்கு வைத்தால் எல்லோரும் பாஸாகிவிடுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது. அவள் எழுந்து ஸ்டூலை விட்டு நகர்ந்தாள். சற்குணம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். தகட்டை இந்தப் பக்கம் நகர்த்தினான், அந்தப் பக்கம் நகர்த்தினான், நல்லதாக ஒரு மூலை இருக்காதா என்பதுபோல. அவன் பிடரியில் வேர்வை கோடாக இறங்கியது.

"நெஞ்சைப் படம் எடுப்போம்," என்றான் திரும்பாமல். "அங்க பரவாம இருந்தா நாளைக்கே அந்தக் காலை எடுத்துருவோம். நீ வெட்டு. நான் மயக்கம் பார்த்துக்கிடுதேன்."

"உன்னால முடியுமா?"

"வேற யாரு பார்ப்பா? பார்சலுக்கு எங்குரல் தெரியும்."

மயக்கம் தெளிவதற்குள் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இந்தத் தடவை அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அனுப்பு, அதுவும் பார்க்கட்டும், ஆனா நாம பார்த்து முடிக்கிற வரைக்கும் அதைத் திறக்காத என்றான். இரண்டு பேரும் விலா விலாவாகப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் அவன் விரல் நின்றது, ரத்தக்குழாய் என்றாள், இரண்டாவது படத்தையும் வைத்துப் பார்த்தான், ஆமா, குழாய்தான் என்றான். பிறகு அதைத் திறந்தாள். ஒன்றுமில்லை என்றுதான் அதுவும் சொன்னது. அதே சொல், அதே எழுத்து. சரி என்றான் சற்குணம். தோள்கள் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. "மூணு காலோட ஓடும்," என்றான். "கொஞ்ச நாளு ஓடும். ஓடட்டும்."

பார்சல் தலையைத் தூக்கப் பார்த்துத் தூக்கமுடியாமல் மேஜையில் வாலை ஒரு தடவை அடித்தது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனவன் நின்றான்.

"அந்த மொதப் படம் இருக்குல்லா. அதுட்ட சொல்லிரு."

"எதை?"

"நீ தப்பா சொல்லிட்ட, அங்க இருக்குன்னு. சொல்றதுக்கு வழி இருக்கும்லா?"

"இருக்கு."

"சொல்லிரு. அடுத்தாப்ல இந்த மாதிரி ஒரு கால் வந்தா அதுக்குத் தெரியணும்."

கதவு சாத்திக்கொண்டது. ஹெப்சிபா பழைய படத்தைத் திறந்தாள். அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில், இது சரியா என்று ஒரு கேள்வி இருந்தது, தினமும் இருக்கும், அவள் ஒரு தடவைகூட அதற்குப் பதில் சொன்னதில்லை. இல்லை என்று அழுத்தினாள். எங்கே என்று கேட்டது. மவுஸை நகர்த்தி மணிக்கட்டுக்கு மேலே ஒரு வட்டம் போட்டாள், முதல் வட்டம் கோணலாக விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி போட்டாள். உங்கள் முடிவு என்ன என்று கேட்டது. வெளியே சற்குணம் நாயிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், சாதாரணக் குரலில், ராத்திரி என்ன சாப்பாடு என்பதுபோல ஏதோ. அந்த மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்த நோயின் பெயரை, சகாயத்தின் அடக்கத்திலும் அவன் முன்னால் யாரும் சொல்லாத அதை, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அவள் அதனிடம்தான் முதலில் சொன்னாள்.